கன உலோகங்களைத் தாங்கும் பாக்டீரியாக்கள்: மாசடைந்த நீர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆலைக் கழிவு கலந்த ஆறு, சுரங்கத்திலிருந்து வடியும் நீர், துறைமுகத்தின் அடிச்சேறு என்று எங்கே மாதிரி எடுத்தாலும் பாதரசத்தையோ காட்மியத்தையோ தாங்கி வளரும் பாக்டீரியா கிடைத்துவிடும். உடனே ‘உலோகம் தின்னும் பாக்டீரியா கண்டுபிடிப்பு’ என்று செய்தி வரும். தின்பதெல்லாம் கிடையாது. இந்தத் துறையில் வரும் கேள்விகளில் பாதி அந்த ஒரு குழப்பத்திலிருந்து பிறப்பவை. மாணவர்களும் ஆர்வலர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

எந்தெந்த உலோகங்களைப் பற்றிப் பேசுகிறோம்?

பாதரசம், காட்மியம், ஈயம், குரோமியம், நிக்கல், செம்பு, துத்தநாகம், கோபால்ட், வெள்ளி. ஆர்சனிக் முழு உலோகம் இல்லை. ஆனாலும் நச்சுத்தன்மையிலும் பிரச்சினையிலும் இவற்றோடு சேர்ந்தே வருவதால் இந்தப் பட்டியலில் அதற்கும் இடம் உண்டு. செம்பு, துத்தநாகம், நிக்கல், கோபால்ட் ஆகியவை துளியளவு உயிருக்குத் தேவை. அளவு மீறினால்தான் விஷம். பாதரசத்துக்கும் ஈயத்துக்கும் அந்தச் சலுகை கிடையாது.

உலோகம் பாக்டீரியாவை எப்படிக் கொல்கிறது?

முதலில் உள்ளே நுழைய வேண்டும். பெரும்பாலான நச்சு உலோகங்கள் தமக்கென்று வாசல் இல்லாமல், இன்னொன்றுக்காகத் திறந்திருக்கும் வழியில் புகுந்துவிடுகின்றன. ஆர்சனேட் அயனி வடிவத்தில் பாஸ்பேட் போலவே இருப்பதால் பாஸ்பேட் வழியில் போகும். குரோமேட்டுக்கு சல்பேட் வழி. காட்மியத்துக்கு மாங்கனீசும் துத்தநாகமும் போகும் வழி. பாக்டீரியாவால் அந்த வாசல்களை மூடிவிடவும் முடியாது. பாஸ்பேட் இல்லாமல் அது வாழ முடியாதே.

உள்ளே போனபின் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். பாதரசமும் காட்மியமும் புரதங்களில் உள்ள கந்தக முனைகளைப் பிடித்துக்கொள்ளும். அந்தப் புரதம் அதோடு செயலிழக்கும். செம்பு, இரும்பும் கந்தகமும் சேர்ந்த கொத்துகளைக் கொண்ட நொதிகளைக் குலைக்கும். குரோமேட் செல்லுக்குள் வேதி மாற்றம் அடையும்போது தீவிர ஆக்சிஜன் மூலக்கூறுகள் உருவாகி டி.என்.ஏ.வைச் சேதப்படுத்தும்.

அப்படியானால் சில பாக்டீரியாக்கள் மட்டும் எப்படித் தாங்குகின்றன?

அதிகம் காணப்படும் வழி, உள்ளே வந்ததை வெளியே தள்ளுவது. ஓட்டைப் படகில் இருந்துகொண்டு விடாமல் தண்ணீர் இறைப்பது போன்ற வேலை இது: ஓட்டை அடைபடாது, ஆனால் படகும் மூழ்காது. ஸ்டாஃபிலோகாக்கஸ் பாக்டீரியாவில் காட்மியத்தை வெளியேற்றும் ஒரு பம்பு செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி.யைச் செலவழித்து ஓடுகிறது. சூடோமோனாஸ் போன்ற கிராம் நெகட்டிவ் (இரண்டு சவ்வுகள் கொண்ட) வகைகளில் உள்சவ்விலிருந்து வெளிச்சவ்வு வரை நீளும் மூன்று புரதக் கூட்டணி ஒன்று துத்தநாகம், கோபால்ட், காட்மியம் மூன்றையும் நேரே வெளியே கக்கிவிடும். ஆர்சனிக்கில் ஒரு விநோதம். ஆர்சனேட்டை முதலில் அதைவிட நச்சு மிகுந்த ஆர்சனைட்டாக மாற்றி, அதன் பிறகே வெளியே தள்ளுகிறது. முட்டாள்தனமாகத் தோன்றும். ஆனால் பாஸ்பேட்டிலிருந்து பிரித்தறியக் கூடிய வடிவம் அதுதான். ஆர்சனேட்டை நேரடியாக வெளியேற்றும் பம்பு இருந்தால் பாஸ்பேட்டும் கூடவே போய்விடும் ஆபத்து உண்டு.

பாதரசத்தில் கதை வேறு. இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம், ஏனென்றால் இந்தத் துறையில் மிக நன்றாகப் புரிந்துகொள்ளப்பட்ட ஏற்பாடு இதுதான். ‘மெர்’ என்ற மரபணுத் தொகுதி இதைச் செய்கிறது. அதில் மெர்-ஆர் என்ற புரதம் டி.என்.ஏ. மேலேயே காவலுக்கு உட்கார்ந்திருக்கும். பாதரச அயனி ஒன்று வந்து ஒட்டினால் போதும், தான் உட்கார்ந்திருக்கும் டி.என்.ஏ.வை லேசாக முறுக்கவிழ்த்துவிடும்; மற்ற மரபணுக்கள் உடனே வேலையைத் தொடங்கும். மெர்-பி என்ற சிறிய புரதம் சவ்வுகளுக்கு நடுவில் பாதரசத்தைப் பிடித்து மெர்-டி என்ற கடத்தியிடம் ஒப்படைக்கும். அது செல்லுக்குள் இழுத்துப் போகும். ஆம், விஷத்தைத் தானே உள்ளே இழுக்கிறது! உள்ளே மெர்-ஏ என்ற நொதி காத்திருக்கிறது. அது பாதரச அயனிக்கு எலக்ட்ரான்களைக் கொடுத்து உலோகப் பாதரசமாக மாற்றிவிடும். உலோகப் பாதரசம் எளிதில் ஆவியாகும். சவ்வைத் தாண்டித் தானாகவே வெளியே போய்விடும். பம்பு தேவையில்லை. சில பாக்டீரியாக்களிடம் கூடுதலாக இன்னொரு நொதியும் உண்டு. அது மெத்தில் பாதரசம் போன்ற கரிமச் சேர்மங்களில் கார்பனுக்கும் பாதரசத்துக்கும் நடுவிலுள்ள பிணைப்பை வெட்டி, பாதரசத்தை மெர்-ஏவிடம் அனுப்பும்.

மற்ற வழிகள்: உலோகத்தைக் கட்டிவைக்கும் சிறு புரதங்கள், செல்லுக்கு வெளியே சுரக்கும் பிசுபிசுப்பான சர்க்கரைப் பொருளில் உலோகத்தைச் சிக்கவைப்பது, சல்பைடாகவோ பாஸ்பேட்டாகவோ வீழ்படிவாக்குவது. ஒரே பாக்டீரியாவிடம் இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்திருப்பது சாதாரணம்.

அப்படியானால் இவை தண்ணீரைச் சுத்தம் செய்கின்றன என்று சொல்லலாமா?

இல்லை. எதிர்ப்புத்திறன் வேறு, சுத்திகரிப்பு வேறு. எண்ணெய்க் கசிவில் பாக்டீரியா எண்ணெயைச் சிதைத்துக் கரியமில வாயுவும் தண்ணீரும் ஆக்கிவிடும். எண்ணெய் காணாமல் போகும். உலோகம் தனிமம். எந்த உயிரும் அதைச் சிதைக்க முடியாது. பாக்டீரியா செய்யக்கூடியது இரண்டுதான்: உலோகத்தின் வேதி வடிவத்தை மாற்றலாம், அது இருக்கும் இடத்தை மாற்றலாம்.

இப்போது மேலே சொன்ன வழிகளைத் திரும்பிப் பாருங்கள். பம்பு வைத்து வெளியேற்றும் பாக்டீரியா, காட்மியத்தைத் தண்ணீருக்கே திருப்பிக் கொடுக்கிறது. அது எவ்வளவு திறமையாகத் தாங்குகிறதோ அவ்வளவு குறைவாகவே உலோகத்தைத் தன்னிடம் வைத்திருக்கும். சுத்திகரிப்புக்கு இப்படிப்பட்ட பாக்டீரியா கிட்டத்தட்ட உதவாது. மெர் தொகுதி உள்ளது பாதரசத்தைத் தண்ணீரிலிருந்து நீக்குகிறது, உண்மை. ஆனால் திறந்த குளத்தில் அந்தப் பாதரசம் காற்றுக்குப் போகிறது. காற்றில் மாதக் கணக்கில் சுற்றி, ஆக்சிஜனேற்றம் அடைந்து, மழையோடு வேறெங்கோ இறங்கும். அதனால் ‘இந்தப் பாக்டீரியா 500 மி.கி. ஈயத்தைத் தாங்குகிறது, எனவே சுத்திகரிப்புக்கு ஏற்றது’ என்ற வரியை எந்தக் கட்டுரையில் பார்த்தாலும் அந்த ‘எனவே’யில் நின்று யோசியுங்கள்.

எவ்வளவு உலோகத்தைத் தாங்கும்? சாதனை எது?

ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டும். மில்லிமோலார் என்பது ஒரு லிட்டரில் எத்தனை அணுக்கள் கரைந்திருக்கின்றன என்பதைக் குறிக்கும் வேதி அளவு. சாதாரண ஈ.கோலை, பாதரசம் 0.01 மில்லிமோலார் இருந்தாலே வளர்ச்சி நின்றுவிடும். காட்மியம் 0.5, துத்தநாகமும் நிக்கலும் செம்பும் 1, ஈயம் 5 மில்லிமோலார் வரை போகும். பாதரசம் எவ்வளவு கொடியது என்பது இந்த வரிசையிலேயே தெரிகிறது.

இந்தத் துறையின் நட்சத்திரம் குப்ரியாவிடஸ் மெட்டாலிடூரன்ஸ் சி.எச். 34. 1976-ல் பெல்ஜியத்தில் ஒரு துத்தநாக ஆலையின் கழிவு தெளியவைக்கும் தொட்டியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. துத்தநாகத்தை 12 மில்லிமோலார் வரை தாங்கும். லிட்டருக்குச் சுமார் 780 மி.கி. அதன் எதிர்ப்பு மரபணுக்களில் பெரும்பகுதி இரண்டு பெரிய பிளாஸ்மிட்களில், அதாவது முக்கிய டி.என்.ஏ.வுக்கு வெளியே தனியாக இருக்கும் டி.என்.ஏ. வளையங்களில் இருக்கின்றன. வகைப்பாட்டியல்காரர்கள் இதற்கு நாலைந்து முறை பெயர் மாற்றிவிட்டதால், பழைய கட்டுரைகளில் அல்காலிஜீன்ஸ், ரால்ஸ்டோனியா என்றெல்லாம் வரும். எல்லாம் இதேதான். ஆஸ்திரேலியாவில் இயற்கையான தங்கத் துகள்களின் மேல் படிந்த உயிர்ப்படலத்திலும் இதே இனம் இருப்பது 2006-ல் தெரியவந்தது.

ஆர்சனிக்கைக் கொண்டு டி.என்.ஏ.வைக் கட்டும் பாக்டீரியா உண்டு என்று படித்தேனே?

2010 டிசம்பரில் வந்த செய்தி அது. கலிபோர்னியாவின் மோனோ ஏரியில், இயற்கையாகவே ஆர்சனிக் மிகுந்த உவர்நீரில் கிடைத்த ஜி.எஃப்.ஏ.ஜே.-1 என்ற பாக்டீரியா, பாஸ்பரசுக்குப் பதில் ஆர்சனிக்கை டி.என்.ஏ.வில் வைத்துக்கொள்கிறது என்றார்கள். 2012-ல் வேறு இரண்டு குழுக்கள் சோதித்துப் பார்த்தன. அது ஆர்சனிக்கை அபாரமாகத் தாங்குகிறது, ஆனால் வளர அதற்குப் பாஸ்பேட் வேண்டும், டி.என்.ஏ.வில் ஆர்சனிக் இல்லை என்று முடிவானது. மூலக் கட்டுரையை சயன்ஸ் இதழ் 2025-ல் திரும்பப் பெற்றுக்கொண்டது. கட்டுரை ஆசிரியர்கள் அதை ஏற்கவில்லை. எப்படியானாலும் அது தாங்கும் பாக்டீரியாதான், ஆர்சனிக் உயிரினம் இல்லை.

இந்த எதிர்ப்பு மனிதன் மாசுபடுத்தியதால் வந்ததா?

மரபணுக்கள் மனிதனைவிடப் பழையவை. சைபீரியாவின் பல ஆயிரம் ஆண்டு பழைய உறைநிலத்திலிருந்து எடுத்த பாக்டீரியாக்களிலேயே பாதரச எதிர்ப்பு மரபணுக்களைச் சுமக்கும் டிரான்ஸ்போசான்கள் (இடம் விட்டு இடம் தாவும் டி.என்.ஏ. துண்டுகள்) இருந்தன. எரிமலைகளும் கடலடி வெந்நீர் ஊற்றுகளும் பாதரசத்தையும் ஆர்சனிக்கையும் என்றென்றும் கக்கிக்கொண்டிருக்கின்றன. பாக்டீரியாக்கள் அதற்கு எப்போதோ விடை கண்டுவிட்டன.

மாசு செய்வது என்னவென்றால், அரிதாக இருந்ததைப் பெருக்கிவிடுவது. கழிவு கலக்கும் இடத்தில் எதிர்ப்பு இல்லாதவை சாகும், இருப்பவை பெருகும். அப்புறம், அந்த மரபணுக்கள் பெரும்பாலும் பிளாஸ்மிட்களிலும் டிரான்ஸ்போசான்களிலும் இருப்பதால் பக்கத்து பாக்டீரியாவுக்கும், சில சமயம் வேறு இனத்துக்கும் கைமாறும். சாக்கடைக் கசடு போல நெருக்கமாகக் குவிந்த இடங்கள் இந்தக் கைமாற்றத்துக்கு மிகத் தோதானவை.

உலோக எதிர்ப்புக்கும் ஆன்டிபயாடிக் எதிர்ப்புக்கும் என்ன சம்பந்தம்?

என்னைக் கேட்டால், இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். தண்ணீரில் உள்ள காட்மியம் யாரோ ஒருவரின் மருந்தை எப்படிச் செயலிழக்கச் செய்யும்? மூன்று வழிகளில்.

ஒன்று, இரண்டு எதிர்ப்பும் ஒரே பிளாஸ்மிட்டில் இருப்பது. 1960-களிலேயே ஸ்டாஃபிலோகாக்கஸில் பென்சிலினைச் சிதைக்கும் மரபணுவும் பாதரச, காட்மிய எதிர்ப்பும் ஒரே பிளாஸ்மிட்டில் பயணிப்பதைக் கண்டார்கள். டி.என். 21 என்ற டிரான்ஸ்போசானில் மெர் தொகுதி ஒரு பக்கம். இன்னொரு பக்கம் ஆன்டிபயாடிக் எதிர்ப்பு மரபணுக்களைச் சேகரித்து வைக்கும் இன்டெக்ரான். பாதரசம் இந்தத் துண்டை வாழவைத்தால், ஆன்டிபயாடிக் ஒரு சொட்டும் இல்லாத இடத்திலும் ஆன்டிபயாடிக் எதிர்ப்பு சேர்ந்து வாழும். டென்மார்க்கில் பன்றித் தீவனத்தில் சேர்த்த செம்பு, என்டரோகாக்கஸ் பாக்டீரியாவில் செம்பு எதிர்ப்பையும் அதோடு ஒட்டியிருந்த சில ஆன்டிபயாடிக் எதிர்ப்புகளையும் தக்கவைத்ததற்குச் சான்று உண்டு.

இரண்டு, ஒரே பம்பு இரண்டையும் வெளியேற்றுவது. லிஸ்டீரியாவில் அப்படி ஒரு பம்பு, சில ஆன்டிபயாடிக்குகளோடு துத்தநாகம், கோபால்ட், காட்மியத்தையும் தள்ளுகிறது.

மூன்றாவதுதான் எனக்கு அதிக வியப்பு தருவது. சூடோமோனாஸ் ஏருஜினோசாவில் துத்தநாகத்தை உணரும் கட்டுப்பாட்டுப் புரதம் ஒன்று உலோகப் பம்பை இயக்கும்போதே, வெளிச்சவ்வில் உள்ள ஒரு துளைப் புரதத்தின் உற்பத்தியையும் குறைத்துவிடுகிறது. இமிபெனம் என்ற மருந்து செல்லுக்குள் நுழைவது அந்தத் துளை வழியாகத்தான். ஆக, துத்தநாகத்தைப் பார்த்த பாக்டீரியா, ஒருநாளும் பார்த்திராத மருந்துக்கும் கதவை அடைத்துவிட்டது.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆன்டிபயாடிக் மூலக்கூறு நாளடைவில் சிதையும். ஆற்றுச் சேற்றில் இறங்கிய காட்மியம் பத்தாண்டுகள் கழித்தும் அங்கேயே இருக்கும், தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். அளவும் அதிகம் தேவையில்லை. மருத்துவமனைத் தொற்று ஒன்றிலிருந்து எடுத்த பிளாஸ்மிட்டை வைத்து ஸ்வீடனில் நடந்து 2014-ல் வெளியான ஆய்வில், தனித்தனியே பாக்டீரியாவைக் கொல்லாத அளவு ஆன்டிபயாடிக்கும் ஆர்சனைட்டும் கலந்து இருந்தபோதும் அந்தப் பிளாஸ்மிட் உள்ளவையே முந்தின.

இந்தப் பாக்டீரியாக்கள் நமக்கு நோய் தருமா?

பெரும்பாலானவை தராது. ஆனால் சூடோமோனாஸ் ஏருஜினோசா, அசினெட்டோபாக்டர், கிளெப்சியெல்லா போன்று சந்தர்ப்பம் பார்த்துத் தாக்குபவையும் இந்தக் கூட்டத்தில் உண்டு.

தண்ணீரைக் கொதிக்கவைத்தால் போதுமா?

பாக்டீரியா சாகும். உலோகம் அப்படியே இருக்கும். தண்ணீர் ஆவியாகும் அளவுக்குச் செறிவு கூடவும் செய்யும். குளோரின் போட்டாலும் இதே நிலைதான். உலகச் சுகாதார நிறுவனத்தின் குடிநீர் வழிகாட்டு அளவு ஆர்சனிக்குக்கும் ஈயத்துக்கும் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், கனிமப் பாதரசத்துக்கு 6, காட்மியத்துக்கு 3. இந்த அளவுகளைக் கண்ணாலோ நாக்காலோ அறிய முடியாது, ஆய்வகப் பரிசோதனை வேண்டும்.

பாக்டீரியா நிலைமையை இன்னும் மோசமாக்குவதும் உண்டா?

தாராளமாக. ஆக்சிஜன் இல்லாத அடிச்சேற்றில் வாழும் சில சல்பேட் சுவாசிகளும் இரும்புச் சுவாசிகளும் (ஆக்சிஜனுக்குப் பதில் சல்பேட்டையோ இரும்பையோ சுவாசத்துக்குப் பயன்படுத்தும் பாக்டீரியாக்கள்) கனிமப் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. இதற்குக் காரணமான இரண்டு மரபணுக்கள் 2013-ல்தான் அடையாளம் காணப்பட்டன. மெத்தில் பாதரசம் மிதவை உயிர்களில் தொடங்கி, சிறு மீன், பெரிய மீன் என்று படிப்படியாகச் செறிந்துகொண்டே போகும். இங்கே ஒரு திருத்தமும் சொல்ல வேண்டும். 1956-ல் அதிகாரபூர்வமாகப் பதிவான ஜப்பானின் மினமாட்டா நோய்க்கு (மெத்தில் பாதரச நஞ்சால் வந்தது) இந்தப் பாக்டீரியாக்களைக் காரணம் காட்டுவோர் உண்டு. அங்கே ஓர் இரசாயன ஆலையில் அசிட்டால்டிஹைடு என்ற வேதிப்பொருளின் தயாரிப்பிலேயே மெத்தில் பாதரசம் உருவாகி, ஆலைக் கழிவுநீரோடு விரிகுடாவுக்குப் போனது. பழி பாக்டீரியா மேல் இல்லை.

ஆர்சனிக்கில் இன்னொரு வழி. வண்டல் மண்ணில் இரும்பு ஆக்சைடு மேல் ஒட்டிக்கொண்டு ஆர்சனிக் அசையாமல் கிடக்கும். ஆக்சிஜன் தீர்ந்தபின் சில பாக்டீரியாக்கள் அந்த இரும்பையும் ஆர்சனேட்டையும் சுவாசத்துக்குப் பயன்படுத்தும்; அப்போது ஆர்சனிக் நிலத்தடி நீரில் இறங்குகிறது. மேற்கு வங்காள வண்டலை வைத்து 2004-ல் வெளியான ஆய்வு இதை ஆய்வகத்தில் காட்டியது. அங்கே ஆர்சனிக் மண்ணிலேயே இருந்தது. ஆலை எதுவும் கொட்டவில்லை.

சுரங்கப் பக்கம் போனால், அசிடிதியோபாசில்லஸ் போன்றவை இரும்பையும் கந்தகத்தையும் ஆக்சிஜனேற்றி பைரைட் பாறையை அமில நீராக மாற்றுகின்றன. அந்த அமிலம் போகிற வழியெல்லாம் மற்ற உலோகங்களைக் கரைத்துக்கொண்டு போகும். ஸ்பெயினின் ரியோ டின்டோ ஆறு சிவந்து, சுமார் 2 பி.எச். அமிலத்தோடு ஓடுவது இப்படித்தான்.

சரி, உண்மையில் எங்காவது சுத்திகரிப்புக்குப் பயன்பட்டிருக்கிறதா?

பயன்பட்டிருக்கிறது. நன்றாக வேலை செய்தவை எல்லாவற்றிலும் ஒரு பொது அம்சம்: உலோகத்தைத் தண்ணீரிலிருந்து பிடித்து வைக்க ஓர் இடம் முன்கூட்டியே யோசிக்கப்பட்டிருந்தது.

சல்பேட்டைச் சுவாசிக்கும் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்பைடை வெளியிடும். துத்தநாகம், காட்மியம், ஈயம், செம்பு எல்லாம் அதோடு சேர்ந்து கரையாத சல்பைடாகப் படியும். நெதர்லாந்தில் புடெல் துத்தநாக ஆலை, மாசடைந்த நிலத்தடி நீரை 1990-களின் தொடக்கத்திலிருந்து இந்த முறையில் சுத்திகரித்தது. படிந்த துத்தநாக சல்பைடு ஆலைக்கே மூலப்பொருளாகத் திரும்பிப் போகும். இயற்கையிலும் இதைக் காணலாம். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் நீர் நிரம்பிய பழைய சுரங்கம் ஒன்றில் பாக்டீரியாப் படலம் கட்டியிருந்தது. நிலத்தடி நீரில் துத்தநாகம் லிட்டருக்கு ஒரு மி.கி. அளவிலேயே இருந்தது, படலத்துக்குள்ளோ அது சுமார் பத்து லட்சம் மடங்கு செறிந்து, மிக நுண்ணிய சல்பைடு மணிகளாகக் கோத்திருந்தது.

ஜெர்மனியில் பாதரச எதிர்ப்பு பாக்டீரியாக்களை நுரைக்கல் துண்டுகள் மேல் வளர்த்து, மூடிய உலைக்குள் குளோர்-ஆல்கலி (உப்புநீரிலிருந்து குளோரினும் காரமும் தயாரிக்கும்) ஆலைக் கழிவுநீரைச் செலுத்தினார்கள். மெர்-ஏ உருவாக்கிய உலோகப் பாதரசம் காற்றுக்குப் போகாமல் துளித்துளியாக நுரைக்கல்லிலேயே தங்கியது. அதே நொதி, அதே வேதி மாற்றம்; மூடி இருந்ததுதான் வித்தியாசம்.

யுரேனியத்தில், அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ரைஃபிள் என்ற இடத்தில் நிலத்தடியில் அசிடேட் செலுத்தி ஜியோபாக்டர் இனத்தை வளர்த்தார்கள். கரையும் யுரேனியம் கரையாத வடிவத்துக்கு மாறி நீரில் அளவு குறைந்தது. சிக்கல் என்னவென்றால், ஆக்சிஜன் மீண்டும் அங்கே எட்டிப்பார்த்தால் அது திரும்பக் கரையலாம். இப்படி ‘அங்கேயே நிலைநிறுத்தும்’ முறைகளில் கண்காணிப்புக்கு முடிவே இல்லை.

குரோமியம் ஓரளவு நல்ல செய்தி. கரையும், நச்சு மிகுந்த ஆறு இணைதிறன் வடிவத்தை மூன்று இணைதிறன் வடிவமாகப் பல பாக்டீரியாக்கள் மாற்றும். அது நடுநிலை நீரில் எளிதில் படியும், திரும்பிப் போவதும் கடினம்.

எங்கள் ஆய்வகத்தில் பிரித்தெடுத்த பாக்டீரியா 48 மணி நேரத்தில் 90 சதவீத உலோகத்தை நீக்கியது. இதை ஆற்றில் விடலாமா?

வேண்டாம். முதலில் அந்த 90 சதவீதம் எங்கே போனது என்று பாருங்கள்.

ஊடகத்தில் (பாக்டீரியாவை வளர்க்கும் ஊட்டக் கரைசலில்) பாஸ்பேட் இருந்ததா? ஈயம் பாஸ்பேட்டாகப் படிந்து குடுவையின் அடியில் உட்கார்ந்திருக்கும். பாக்டீரியாவே இல்லாவிட்டாலும் படிந்திருக்கும். ஊடகத்தில் ஊட்டமாகச் சேர்க்கும் பெப்டோனும் ஈஸ்ட் சாறும் செம்பை இறுகப் பிடித்துக்கொள்ளும். அதனால் ஊட்டம் மிகுந்த ஊடகத்தில் 10 மில்லிமோலார் தாங்கும் பாக்டீரியா, எளிய கனிம ஊடகத்தில் 1 மில்லிமோலாருக்கே சுருண்டுவிடலாம். சி.எச். 34 ஆய்வுகளில் பாஸ்பேட் குறைந்த டிரிஸ் ஊடகத்தைத் தேர்ந்தெடுத்தது இந்தக் காரணத்தால்தான். வளரும் பாக்டீரியா ஊடகத்தைக் காரமாக்கினால் ஹைட்ராக்சைடாகவும் உலோகம் படியும், எனவே பி.எச். அளவைத் தொடக்கத்திலும் முடிவிலும் குறியுங்கள். பாக்டீரியா இல்லாத குடுவை ஒன்று, கொன்ற பாக்டீரியா போட்ட குடுவை ஒன்று, இரண்டும் கட்டாயம். செத்த செல்லும் அதே அளவு உலோகத்தை ஒட்டிக்கொண்டால், நீங்கள் கண்டது வெறும் மேற்பரப்பு ஒட்டல். அதுவும் பயனுள்ளதுதான், ஆனால் அதற்கு எதிர்ப்புத்திறன் தேவையே இல்லை.

அளவையும் யோசியுங்கள். காட்மியம் 1 மில்லிமோலார் என்றால் லிட்டருக்கு 112 மி.கி.; குடிநீர் வழிகாட்டு அளவைப்போல் 37 ஆயிரம் மடங்குக்கு மேல். அதில் 90 சதவீதம் போனாலும் மிச்சம் 11 மி.கி. இருக்கிறது. சிக்கலே அந்தக் கடைசிப் பகுதியில்தான்.

ஆற்றில் விட்டால்? அங்கே உங்கள் பாக்டீரியாவுக்குக் குளுக்கோஸ் ஊட்ட ஆள் இல்லை. ஏற்கெனவே அந்த நீரில் ஊறிப்போன உள்ளூர்க் கூட்டம் இருக்கிறது; அதைத் தின்ன ஒருசெல் விலங்குகளும் காத்திருக்கின்றன. பெரும்பாலும் சில நாளில் காணாமல் போகும். தங்கிவிட்டால் அது இன்னும் கவலைக்குரியது, ஏனென்றால் அதன் பிளாஸ்மிட்டில் வேறு என்னவெல்லாம் இருக்கிறது என்று நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. ஆன்டிபயாடிக் தோய்த்த காகித வட்டுகளை வைத்து ஒரு சோதனையாவது முதலில் செய்துவிடுங்கள்.

மரபணு மாற்றிய பாக்டீரியா தீர்வாகுமா?

கதிர்வீச்சைத் தாங்கும் டெய்னோகாக்கஸ் ரேடியோடூரன்ஸுக்கு மெர்-ஏ மரபணுவைப் புகுத்தி, கதிர்வீச்சும் பாதரசமும் சேர்ந்த கழிவுக்காக 2000-ல் ஒரு வகையை உருவாக்கினார்கள். ஆய்வகத்தில் வேலை செய்தது. மூடிய உலைகளுக்கு இத்தகையவை பொருந்தலாம். திறந்த நீரில் விட அனுமதி பெறுவது எளிதல்ல, அது நியாயமும்கூட.

விலையுயர்ந்த கருவி இல்லாமல் பாக்டீரியா உலோகத்தை மாற்றுகிறதா என்று பார்க்க முடியுமா?

முடியும், சில சோதனைகள் பார்க்கவே அழகானவை. குரோமேட் சேர்த்த ஊடகம் மஞ்சளாக இருக்கும். ஒடுக்கம் (எலக்ட்ரான் ஏற்று வேறு வடிவத்துக்கு மாறுவது) நடந்தால் மஞ்சள் வெளுக்கும். டைஃபீனைல்கார்பசைடு சேர்த்தால் மிச்சமிருக்கும் ஆறு இணைதிறன் குரோமியம் ஊதாவாகக் காட்டிக்கொடுக்கும். ஆர்சனிக் சேர்த்த பாக்டீரியா வளர்ப்புத் தட்டில் வெள்ளி நைட்ரேட் ஊற்றினால் ஆர்சனைட் மஞ்சளாகவும் ஆர்சனேட் பழுப்பாகவும் படியும்.

பாதரசத்துக்கு எக்ஸ்ரே பிலிம். 1980-களில் ஜப்பானியர்கள் எளிமைப்படுத்திய முறை இது. சிறு குழிகள் கொண்ட தட்டில் பாக்டீரியாவையும் பாதரச உப்பையும் வைத்து, இருட்டறையில் அதன் மேல் எக்ஸ்ரே பிலிமைப் போர்த்தி விடுவார்கள். எந்தக் குழியிலிருந்து பாதரச ஆவி கிளம்புகிறதோ அதற்கு நேர் மேலே பிலிமில் உள்ள வெள்ளி அயனிகள் ஒடுங்கும். பிலிமைக் கழுவி எடுத்தால் அங்கே மட்டும் கறுப்பு வட்டம்.

இவை ‘நடக்கிறதா இல்லையா’ என்று சொல்லும். ‘எவ்வளவு’ என்று தெரிய அணு உறிஞ்சல் நிறமாலைமானி போன்ற கருவிக்குத்தான் போக வேண்டும்.

இவற்றை மாசு காட்டும் கருவியாகப் பயன்படுத்தலாமா?

இங்கே எனக்கு நம்பிக்கை அதிகம். முன்பு சொன்ன காவலாளி மெர்-ஆர் நினைவிருக்கிறதா? அதன் பின்னால் எதிர்ப்பு மரபணுக்களுக்குப் பதிலாக ஒளி உமிழும் மரபணுக்களை இணைத்தால், பாதரசம் பட்டவுடன் பாக்டீரியா ஒளிரும். வேதிப் பகுப்பாய்வு நீரில் உள்ள மொத்தப் பாதரசத்தைச் சொல்லும். இந்த பாக்டீரியா உயிரின் உள்ளே போகக்கூடிய பகுதியை மட்டும் சொல்லும். சேற்றோடும் சல்பைடோடும் இறுகிக் கிடப்பதை அது கணக்கில் சேர்ப்பதில்லை. இரண்டு எண்களும் வெகுவாக வேறுபடும், இரண்டும் வேண்டும்.

ஆனால் ‘எதிர்ப்பு பாக்டீரியா கிடைத்தது, எனவே இந்த நீர் மாசடைந்தது’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். சுத்தமான நீரிலும் அவை கொஞ்சம் இருக்கும். விகிதத்தை ஒப்பிட வேண்டும். அதற்கு மாசடையாத மேல்நிலைப் பகுதியிலிருந்து ஒரு மாதிரி அவசியம்.

சோதனை முடிந்த தட்டுகளை என்ன செய்வது?

வழக்கம்போல் ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கலனில்) போட்டுவிடுவார்கள். பாதரசம் சேர்த்த தட்டை அப்படிச் செய்யக்கூடாது. சூட்டில் பாதரச ஆவி அறைக்குள் வரும். உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புப் பொறுப்பாளரைக் கேட்டு வேதி முறையில் கிருமி நீக்கி, தனிக் கலனில் மூடி, ‘பாதரசக் கழிவு’ என்று எழுதி ஒட்டி ஆபத்தான கழிவாக ஒப்படையுங்கள். காட்மியம், ஆர்சனிக், குரோமேட் தட்டுகளும் கழிவுநீர்த் தொட்டிக்குப் போகக்கூடாது. சாதாரணப் பிளீச்சைக் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றிலும் ஊற்றாதீர்கள். அது மூன்று இணைதிறன் குரோமியத்தை மறுபடி ஆறு இணைதிறனாக்கிவிடும். இதையெல்லாம் தட்டு ஊற்றுவதற்கு முந்தைய நாளே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் பல இடங்களில் பாதரசக் கழிவை வாங்கிக்கொள்ள ஆளே இருக்க மாட்டார்கள்.